மூட்டம்

அப்பா நாற்பது வருடம் ஒரு கரிக் கமிஷன் கடையில் கணக்கு எழுதினார். நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் தெரிந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. மழை பொய்த்த வருடங்களில் மிளகாயும் பருத்தியும் கைவிட்டுவிடும். சீமைக்கருவேல் கைவிடாது. வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, மூட்டை பிடித்து லாரியில் ஏற்றிவிட்டால் அந்த வாரம் அடுப்பு எரியும். அந்த மூட்டைகளின் எடை, வண்டிச் சத்தம், கூலி, முன்பணம் எல்லாம் அப்பாவின் கையெழுத்தில்தான் இருக்கும்.

கணக்கு எழுதியது பிழைப்புக்கு. அவர் ஊரில் அறியப்பட்டது வேறொன்றுக்காக. காலையில் கடை திறப்பதற்கு முன்னால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தினத்தந்தியைச் சத்தமாக வாசிப்பார். எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களும் கண்ணாடி வாங்க வசதி இல்லாதவர்களும் சுற்றி நிற்பார்கள். வாசிப்பது என்றால் சும்மா ஒப்பிப்பது இல்லை. கொலைச் செய்திக்கு ஒரு குரல், மழைச் செய்திக்கு ஒரு குரல். எங்கே நிறுத்த வேண்டும், எந்த வார்த்தையை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை.

2018-இல் அவருக்குக் கண் மங்கியது. கண் நீர் அழுத்த நோய். ஓரப் பார்வை முதலில் போகும், நடுப் பார்வை கடைசிவரை இருக்கும், அதனால் போவதே தெரியாது. மதுரையில் பார்த்த டாக்டர், "போனது போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்தச் சொட்டு மருந்து விடுங்க" என்றார். பெரிய எழுத்துத் தலைப்புகளை மட்டும் தட்டுத்தடுமாறி வாசிக்கும் நிலைக்கு அப்பா வந்து சேர்ந்தார்.

கேட்பதற்கு இன்று ஆயிரம் இருக்கிறது. ஃபோனில் கதை சொல்கிறார்கள், செய்தி வாசிக்கிறார்கள். அப்பாவுக்கு அவை பிடிக்காமல் இல்லை. ஆனால் அவர் கேட்டது அவருடைய தகரப்பெட்டியில் இருந்ததை. அந்தப் பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் பைண்டு செய்த தொடர்கதைகள். வாரப் பத்திரிகையில் வந்த பக்கங்களை வாரவாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் அட்டை போட்டுத் தைத்து வைத்தவை. பாதிக்கு மேல் புத்தகமாகவே வந்திராதவை. அவற்றை யாரும் ஒலிப்புத்தகமாகப் போடப்போவதில்லை. ராத்திரி அரைமணி நேரம் நான் வாசித்துக் காட்டுவேன். அந்த அரைமணி நேரம் அவருக்கு எந்த மூலைக்குக் காணும்?

"ஒரு மிஷினு வாசிக்கும்னு சொன்னியேப்பா, அது என்னாச்சு?" என்று ஒரு நாள் கேட்டார்.

*

வேலை இரண்டு பகுதி. முதலில், பக்கத்தைப் படம் பிடித்தால் அதிலுள்ள எழுத்தை எழுத்தாக அடையாளம் காண வேண்டும். அடுத்து, அந்த எழுத்தைக் குரலாக்க வேண்டும். முதல் வேலைக்கு டெசராக்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. 1985-க்கும் 1994-க்கும் இடையில் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தில் உருவாகி, பத்து வருடம் அலமாரியில் தூங்கி, 2005-இல் மூலநிரலோடு பொதுவில் விடப்பட்டது. அடுத்த வருடத்திலிருந்து கூகுள் அதைப் பராமரித்தது. 2018 அக்டோபரில் வந்த நான்காம் பதிப்பில் நரம்பு வலைப்பின்னல் முறை சேர்ந்தது. தமிழைப் படிக்கும் திறனில் மூன்றாம் பதிப்புக்கும் நான்காம் பதிப்புக்கும் நிறைய வித்தியாசம்.

இணையத்தில் ஏற்றினால் கூகுள் டிரைவே தமிழ்ப் பக்கங்களை நன்றாகப் படித்துத் தரும். ஆனால் எங்கள் வீட்டில் சிக்னல் மொட்டைமாடியில்தான் கிடைக்கும், அதுவும் காற்றடிக்கும் திசையைப் பொறுத்து. பெட்டியில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருந்தன. வீட்டுக்குள்ளேயே வேலை செய்கிற ஏற்பாடுதான் சரிப்படும்.

வீட்டில் இருந்த கணினி, தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய திட்டம் அது. 2 ஜிபி நினைவகம். விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. ஊரில் அதே கணினி வாங்கிய பிள்ளைகளில் லினக்ஸ் பக்கம் போனவர்கள் குறைவு. தங்கை கல்யாணமாகிப் போனபின் நான் அதில் உபுண்டு 16.04 போட்டிருந்தேன். நினைவகம் குறைவு என்பதால் 32 பிட் பதிப்பு. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சுவரில் செருகியிருந்தால் மட்டும் உயிர்.

அந்த உபுண்டுவின் களஞ்சியத்தில் ஒரே கட்டளையில் கிடைப்பது டெசராக்டின் பழைய மூன்றாம் பதிப்பு. நான்காம் பதிப்பை யாராவது தயாராகக் கட்டி வைத்திருப்பார்கள் என்று தேடி, மாடியில் நின்று இரண்டு இடத்திலிருந்து பைனரி இறக்கினேன். முதலாவது ஓடவே மறுத்தது. 64 பிட் செயலிக்காகச் செய்தது அது. 'கோப்பின் வடிவம் தவறு' என்ற ஒரு வரியோடு முடிந்தது. இரண்டாவது 32 பிட்தான். ஆனால் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் புதிய பதிப்பைக் கேட்டது. லினக்ஸில் ஏறத்தாழ எல்லா நிரலும் சாய்ந்து நிற்கிற சுவர் அது. புதிய கணினியில் கட்டப்பட்ட பைனரி புதிய சுவரை எதிர்பார்க்கும். அந்த ஒரு நிரலுக்காகச் சுவரை இடித்துக் கட்டினால் வீடு விழுந்துவிடும்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா, ஏறலையா?"

"வேற மிஷினுக்குன்னு செஞ்சதுப்பா. இதுல ஓடாது. மூலநிரல வாங்கி, இதுலயே கட்டணும்."

மூலநிரல் என்றால் என்ன என்று கேட்டார். மனிதன் வாசிக்கிற மாதிரி எழுதி வைத்திருப்பது மூலநிரல். கம்பைலர் என்ற நிரல் அதை எடுத்து இந்த இயந்திரத்துக்கு மட்டும் புரிகிற எண்களாக மாற்றித் தரும். மாற்றிய பிறகு அதைப் பார்த்து எழுதியவன் என்ன நினைத்தான் என்று கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட முடியாது என்றேன்.

"விறகு, கரி" என்றார் அப்பா. "கரியப் பாத்து எந்த மரம்னு ஓரளவுக்குச் சொல்லலாம். திரும்ப மரமாக்க முடியாது. சரி, அப்ப விறகாவே வாங்கி நம்ம மூட்டத்துல போடு."

அதிலிருந்து எங்கள் வீட்டில் கம்பைல் செய்வதற்கு மூட்டம் என்றே பெயர். சாப்பிடக் கூப்பிட்டால் வராதபோது அம்மா கேட்பது, "என்ன, இன்னைக்கும் மூட்டமா?"

*

மூட்டம் போடுவதைப் பார்த்திராதவர்களுக்காக: கட்டைகளை ஒரே அளவாக வெட்டி நெருக்கி அடுக்குவார்கள். மேலே தழையும் வைக்கோலும் பரப்பி மண்ணைப் பூசி மூடுவார்கள். ஒரு வாயில் மட்டும் விட்டு நெருப்பு வைப்பார்கள். உள்ளே காற்று அளவாகத்தான் போக வேண்டும். முதலில் அடர்த்தியான வெள்ளைப் புகை வரும், மரத்திலுள்ள ஈரம் அது. நாள் ஆக ஆகப் புகை மெலிந்து நீலமாகும். எங்காவது மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் அந்த இடம் சாம்பல். அதனால் ராப்பகலாக ஒருவர் காவல் இருக்க வேண்டும். நாலு டன், அஞ்சு டன் விறகு போட்டால் ஒரு டன் கரி வரும். போடுவதற்கு முன்னால் கட்டை, மண், தழை, தண்ணீர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நெருப்பு வைத்தபிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது.

மென்பொருளில் அந்தச் சரிபார்ப்பைச் செய்வது கான்ஃபிகர் என்ற சிறு நிரல். அதை ஓட்டினால் திரையில் வரிவரியாக ஓடும். கம்பைலர் இருக்கிறதா, இருக்கிறது. அது வேலை செய்கிறதா, செய்கிறது. இன்ன நூலகம் இருக்கிறதா, இருக்கிறது. டெசராக்டின் கான்ஃபிகர் ஓடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேல் வேண்டும். எங்களிடம் இருந்தது 1.73.

லெப்டோனிகா, டேன் புளூம்பெர்க் என்பவர் எழுதிய பட நூலகம். சாய்ந்த பக்கத்தை நிமிர்த்துவது, பழுப்பேறிய தாளில் எழுத்தைத் தனியாகவும் அழுக்கைத் தனியாகவும் பிரிப்பது போன்றவை அதன் வேலை. டெசராக்ட் அதன் தோளில் ஏறி நின்றுதான் படிக்கிறது. ஆக முதலில் லெப்டோனிகாவை மூலத்திலிருந்து கட்ட வேண்டும். லெப்டோனிகாவுக்கு ஜேபெக், பிஎன்ஜி, டிஃப் படங்களைத் திறக்கும் நூலகங்கள் வேண்டும். அந்த நூலகங்கள் கணினியில் ஏற்கெனவே இருந்தன. ஆனால் இருப்பது வேறு, அதை வைத்து இன்னொன்றைக் கட்டுவது வேறு. கட்டுவதற்குத் தலைப்புக் கோப்புகள் வேண்டும். அவை 'டெவ்' என்று முடிகிற தனிப் பொட்டலங்களில் வரும். அவை இல்லாவிட்டால் லெப்டோனிகா குறை சொல்லாது. அமைதியாகக் கட்டி முடித்துவிடும். பிறகு ஒரு பிஎன்ஜி படத்தைக் கொடுத்தால்தான் திறக்கத் தெரியாது என்று சொல்லும். எல்லாவற்றையும் மாடியில் இறக்கிக் கீழே கொண்டுவந்து, லெப்டோனிகாவைக் கட்டி நிறுவி, மறுபடி டெசராக்டுக்கு வந்தேன். இந்த முறை கான்ஃபிகர் கடைசிவரை ஓடியது.

பிறகு மேக் கட்டளை. சின்ன சி++ கோப்புகள் ஒவ்வொன்றாக இயந்திர மொழியாகும். பிறகு எல்லாம் ஒன்றாக இணையும். புதிய கணினியில் சில நிமிடத்தில் முடிகிற வேலை. இந்த மடிக்கணினியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். விசிறி இரைந்துகொண்டே இருந்தது. அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். பாதியில் கரண்டு போனது. பேட்டரி இல்லாத கணினி அந்த நொடியே அணைந்தது.

"சாம்பலா?" என்றார்.

சாம்பல் இல்லை. இந்த இடத்தில் மேக் மூட்டத்தைவிட உயர்ந்தது. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதிய நிரல் அது. ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை அது பார்க்கும். மூலக் கோப்பைவிட அதிலிருந்து செய்த கோப்பு புதியதாக இருந்தால், அந்த வேலை முடிந்தது என்று விட்டுவிடும். பழையதாகவோ இல்லாமலோ இருந்தால் மட்டும் மறுபடி செய்யும். கரண்டு வந்தபின் அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

தொடரவில்லை. கோப்புகளின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, கடிகாரம் சரியில்லை, கட்டுமானம் முழுமையடையாமல் போகலாம் என்று எச்சரித்துவிட்டு, ஏற்கெனவே முடித்ததையே மறுபடி செய்ய ஆரம்பித்தது. பார்த்தால் கணினியின் தேதி 2009-க்குப் போயிருந்தது. கரண்டு இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுகிற, பொத்தான் அளவிலான சின்ன பேட்டரியும் தீர்ந்துவிட்டது. இணையம் இருந்திருந்தால் தேதி தானாகச் சரியாகியிருக்கும். வீட்டுக்குள் அது இல்லை. 2018-இல் எழுதிய மூலத்தை 2009-இல் கட்டுகிறோம் என்று மேக் நினைத்தது. செய்தது எல்லாமே மூலத்தைவிடப் பழசு. எத்தனை முறை செய்தாலும் பழசுதான்.

அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்தது. "தேதி தப்பாப் போட்ட கணக்கு செல்லாதுல்ல. வரவுக்கு முன்னாடியே செலவு எழுதுன மாதிரி."

தேதியைக் கையால் திருத்திவிட்டு, அரைகுறையாக ஆனதை எல்லாம் துடைத்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தேன். அடுத்த வாரம் அருப்புக்கோட்டை போனபோது அந்தப் பொத்தான் பேட்டரியை வாங்கி மாட்டினேன்.

கட்டி முடித்தபின் நிறுவ வேண்டும். நிறுவுவது என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. கட்டியவற்றை உரிய அடைவுகளில் நகலெடுத்து வைப்பது. ஆனால் வைத்ததும் ஓடாது. நூலகம் எங்கே என்று தெரியவில்லை என்று நிற்கும். புதிதாக வந்த நூலகத்தைக் கணினியின் பதிவேட்டில் ஏற்ற எல்டிகான்ஃபிக் என்ற கட்டளை இருக்கிறது. கடைசியாகத் தமிழுக்கான பயிற்சிக் கோப்பு. அதில் துல்லியமானது ஒன்று, வேகமானது ஒன்று. இந்த இயந்திரத்துக்கு வேகமானதுதான் தாங்கியது.

*

முதலில் கொடுத்த பக்கம் புதிய புத்தகம் ஒன்றிலிருந்து. நன்றாகவே படித்தது. பிறகு அப்பாவின் தொடர்கதைப் பக்கங்களைக் கொடுத்தேன். அங்கேதான் சிக்கியது.

அறுபதுகளின் தொடர்கதைகள் அவை. 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்துக்கொண்டு நிற்கும். ணா, றா, னா மூன்றும் கால் வாங்காமல் கீழே வளைந்திருக்கும். அவற்றோடு ணொ, ணோ வகையும் சேர்த்து மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் மாற்றிவிட்டார். மற்றவர்களுக்கு இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. டெசராக்டுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது இன்றைய கணினி எழுத்துருக்களை வைத்து. துதிக்கை லையை அது பார்த்ததே இல்லை. பார்த்திராததைத் தெரிந்த ஏதோ ஒன்றாக எடுத்துக்கொண்டது.

எந்த எழுத்தை எதுவாகப் படிக்கிறது என்று பத்துப் பக்கம் உட்கார்ந்து பட்டியல் எடுத்தேன். பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் தவறியது. ஒழுங்காகத் தவறுவதைத் திருத்துவது சுலபம். செட் என்ற கட்டளைவரிக் கருவியில், இது வந்தால் அதாக மாற்று என்று முப்பது வரி எழுதினேன். எல்லாம் சரியாகவில்லை. காதுக்கு உறுத்தாத அளவுக்கு வந்தது.

இன்னொரு சிக்கல் எனக்குத் தோன்றவே இல்லை, அப்பாதான் சொன்னார். பழைய அச்சில் வரி முடியும் இடத்தில் வார்த்தையை உடைப்பார்கள். இணைப்புக்கோடு போட மாட்டார்கள். 'போய்க்கொண்டி' என்று ஒரு வரி முடியும், 'ருந்தான்' என்று அடுத்தது தொடங்கும். கண்ணால் படிக்கிறவருக்கு அது தடங்கலே இல்லை. இயந்திரத்துக்கு இரண்டும் இரண்டு வார்த்தை.

"எந்த எழுத்து மொதல்ல வராதுன்னு நன்னூல்ல இருக்குல்ல" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி மனப்பாடம் செய்தது. பன்னிரண்டு உயிரும், க ச த ப ந ம வ ய ஞ ங என்ற பத்து மெய்யோடு சேர்ந்த உயிரும்தான் மொழிக்கு முதலில் வரும் என்கிறது நன்னூல். மிஞ்சியவை ட ண ர ல ழ ள ற ன. ஆக ஒரு வரி இந்த எட்டில் ஒன்றோடு தொடங்கினால், அது முந்தைய வரியின் மிச்சம். அதில் ட, ர, ல மூன்றும் டாக்டர், ராமன், லட்சுமி என்று இன்றைக்கு முதலில் வந்துவிடுகின்றன. அவற்றுக்கு மட்டும் விதிவிலக்காக ஒரு பெயர்ப்பட்டியல் வைத்தேன். புள்ளி வைத்த மெய்யெழுத்து எதுவும் வார்த்தைக்கு முதலில் வராது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். உடைந்த இடம் கவிலோ தவிலோ தொடங்கினால் இந்த விதி பிடிக்காது. இருந்தாலும் உடைந்த வார்த்தைகளில் நல்ல பங்கு ஒட்டிக்கொண்டது. எழுநூறு வருடத்துக்கு மேலான இலக்கண விதி ஒன்று, இனாம் மடிக்கணினியில் ஒரு வரி நிரலாக ஓடியது.

*

குரலுக்கு ஈஸ்பீக். ஜோனதன் டடிங்டன் தொண்ணூறுகளில் ஏகார்ன் கணினிக்காக எழுத ஆரம்பித்தது. 2015-இல் அதன் கிளையாக ஈஸ்பீக் என்ஜி பிறந்தது. அதில் பதிவு செய்த மனிதக் குரல் கிடையாது. பெரும்பாலான ஒலிகளை அதிர்வெண்களைக் கூட்டிக் குறைத்து உண்டாக்குகிறது. அதனால் சில மெகாபைட்டுக்குள் நூறு மொழிக்கு மேல் பேசும். அதே காரணத்தால் மனிதன் மாதிரி பேசாது.

களஞ்சியத்தில் இருந்தது பழைய ஈஸ்பீக். புதியதை மூலத்திலிருந்து கட்டினேன். கான்ஃபிகர் முடிவில் ஒரு சுருக்கம் கொடுக்கும். அதை வாசிக்காமல் கடந்து போகிறவர்கள்தான் அதிகம். அதில் 'பிசிஆடியோலிப்: இல்லை' என்று ஒரு வரி இருந்தது. அந்த நூலகம் கட்டாயமில்லை. இல்லாமலும் ஈஸ்பீக் கட்டி முடியும். ஆனால் ஒலிபெருக்கியில் பேசாது, கோப்பில் எழுதி மட்டும் தரும். அதையும் இறக்கிக் கட்டியபின்தான் குரல் வெளியே வந்தது.

அப்பா இரண்டு வரி கேட்டார்.

"தொண்டையில கரி படிஞ்சவன் மாதிரி பேசுறான்."

அவன் என்றுதான் அன்றிலிருந்து சொல்கிறார். வேகத்தைக் குறைக்கச் சொன்னார். நிமிடத்துக்கு 175 வார்த்தை அதன் இயல்பு வேகம். 130-க்குக் கொண்டுவந்தேன். நாலு பக்கம் கேட்டபின் குரல் பழகிவிட்டது என்றார். பழகாதது உச்சரிப்பு.

தமிழ் எழுத்துக்கு ஒரு குணம். க என்று எழுதிவிட்டு மூன்று மாதிரி ஒலிக்கிறோம். நடுவிலும் கடைசியிலும் அதற்கு விதி இருக்கிறது. மெல்லினத்தின் பின்னால் வந்தால் ஒரு மாதிரி, இரட்டித்தால் ஒரு மாதிரி. வார்த்தையின் முதலில் வரும்போதுதான் விதி கைவிடுகிறது. காந்தியின் காவும் காலையின் காவும் தாளில் ஒன்று, வாயில் வேறு. தோசை, குரு, பஸ், தயவு, பாபு எல்லாம் அப்படித்தான். எங்கள் பக்கம் ஓடுகிற குண்டாற்றைத் திருச்சுழிக்காரர் யாரும் வல்லினக் குவோடு சொல்ல மாட்டார்கள். இயந்திரம் சொன்னது.

"ஆத்தோட பேரையே மாத்திப்புட்டானே" என்று அப்பாவுக்கு மெய்யாகவே கோபம்.

மூலத்திலிருந்து கட்டியதன் பயன் எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. ஈஸ்பீக்கின் மூலத்தில் தமிழுக்கென்று இரண்டு கோப்புகள் உண்டு. ஒன்று எழுத்தை ஒலியாக்கும் விதிகள், மற்றது தனி வார்த்தைகளின் பட்டியல். அதோடு, பயன்படுத்துகிறவர் தன் வார்த்தைகளைச் சேர்க்க 'எக்ஸ்ட்ரா' என்று ஒரு கோப்பை வைத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் வார்த்தை, வலப்பக்கம் ஒலிக்குறிகள். எழுதிவிட்டுத் தமிழ் அகராதியை மட்டும் மறுபடி கட்டினால் போதும். நொடியில் முடிகிற மூட்டம்.

அதன்பின் ஒவ்வொரு சாயங்காலமும் அதுதான் வேலை. அப்பா கேட்பார். தப்பாகச் சொன்னால் கையைத் தூக்குவார். நான் நிறுத்தி, குறித்துக்கொள்வேன். ராத்திரி பட்டியலில் சேர்த்து, மறுநாள் அதே வரியைப் போட்டுக் காட்டுவேன். சரி என்றால் அடுத்தது. சிலதை அவரே விடச் சொன்னார். பாவம் என்ற சொல் செய்த பாவமா, முகத்தின் பாவமா என்பது வரியைப் புரிந்தவனுக்குத்தான் தெரியும். "அது அவனுக்கு வராது. விடு, நான் புரிஞ்சுக்கிறேன்."

'அவுக வந்தாக' மாதிரி எங்கள் பக்கத்துப் பேச்சு கதையில் வந்தால் குரல் தட்டையாகிவிடும். அங்கே மட்டும் அப்பா கூடவே முணுமுணுப்பார். இயந்திரம் ஒரு வரி, அவர் அதே வரி. ஏற்ற இறக்கத்தை அவர் போட்டுக்கொள்வார். சமையல்கட்டிலிருந்து கேட்டால் இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும்.

*

இதைவிட நல்ல தமிழ்க் குரல் இருக்கிறது. சென்னை ஐஐடியும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்து, மனிதக் குரலைப் பதிவுசெய்து அதிலிருந்து உருவாக்கியது. அதை லினக்ஸில் நிறுவும் படிகளை எல்லாம் தொகுத்து, கணியம் த. சீனிவாசன் ஒரு ஸ்கிரிப்டாகக் கிட்ஹப்பில் வைத்திருக்கிறார். 2012-லிருந்து தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதியும் எழுதவைத்தும் வருகிறவர். அதற்கு எடின்பரோவின் ஃபெஸ்டிவலும் கேம்பிரிட்ஜின் எச்டிகேயும் கட்ட வேண்டும். எச்டிகேயின் மூலநிரல் இலவசம், ஆனால் பதிவு செய்துதான் வாங்க வேண்டும். வாங்கியதை இன்னொருவருக்குக் கொடுக்க உரிமம் அனுமதிக்காது. மூலம் கண்ணில் படுவதும் மூலம் நம்முடையது ஆவதும் ஒன்றில்லை என்பதை இது மாதிரி வேறெதுவும் எனக்குக் காட்டவில்லை. அந்தக் குரல் காதுக்கு இதமாக இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தைப் பேச எங்கள் மடிக்கணினி எடுத்துக்கொண்ட நேரத்தில் அப்பா தூங்கிவிட்டார். கரி படிந்த தொண்டையே போதும் என்றாகிவிட்டது.

மூலத்திலிருந்து கட்டினால் எல்லாம் நம் கண்முன் நடக்கிறது, அதனால் நம்பலாம் என்று சொல்வார்கள். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் 1984-இல் வெளியான தன் டூரிங் விருது உரையில் அதைச் சொன்னார். மூலத்தில் கெட்டது எதுவும் இல்லாவிட்டாலும், கம்பைலருக்குள் ஒரு திருட்டு வழியை ஒளித்து வைத்தால், அது கட்டுகிற நிரலில் தானாக அதைச் சேர்த்துவிடும். அந்தக் கம்பைலரின் மூலத்திலும் தடயம் இல்லாமல் செய்ய முடியும். நான் ஜிசிசியை மூலத்திலிருந்து கட்டவில்லை. பைனரியாக வந்ததைத்தான் நம்பினேன்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "கரி வாங்குறவன் மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாப்பான். எல்லா மூட்டையையும் கொட்டிப் பாக்க முடியுமா? எங்கயாச்சும் ஒரு எடத்துல ஆளத்தான் நம்பணும்" என்றார். "ஆனா பாக்க விடமாட்டேன்னு சொல்றவன்ட்ட வாங்காத."

*

இன்றைக்கு இவ்வளவு பாடு வேண்டியதில்லை. இப்போதைய உபுண்டுவில் டெசராக்டும் அதன் தமிழ்க் கோப்பும் ஈஸ்பீக் என்ஜியும் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. ஒரு கட்டளை, சில நிமிடம். யாராவது என்னிடம் கேட்டால் அதைத்தான் சொல்வேன். கட்டித் தருகிறவர்கள் ஒழுங்காகக் கட்டித் தரும்போது எல்லாரும் மூட்டம் போட வேண்டிய அவசியமில்லை. பழைய கணினி, இல்லாத சிக்னல், எவருக்கும் தேவைப்படாத எழுத்து, யாரும் கவலைப்படாத ஓர் ஆற்றின் பெயர் என்று வரும்போதுதான் மூலம் வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அது பூட்டிக் கிடக்கக் கூடாது.

பட்டியலில் ஏறத்தாழ முந்நூறு வார்த்தைகள் சேர்ந்தன. பஸ், தோசை, காந்தி போன்றவற்றைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். அவை எல்லாருக்கும் பொது, ஈஸ்பீக்கை உருவாக்குகிறவர்களுக்கு அனுப்பலாம். மீதி ஊர்ப்பெயர்கள், ஆள்பெயர்கள், எங்கள் பக்கத்து வழக்குகள். அவற்றை அனுப்பலாமா என்று அப்பாவைக் கேட்டேன். யோசித்தார். "திருநெல்வேலிக்காரனுக்கு அது தப்பாப் படும்ல. நம்ம மிஷின்லயே இருக்கட்டும்" என்றார்.

போன மாதம் புதுக் கணினி வந்தது. அப்பாவுக்கு இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறது. புதியதில் மென்பொருளை எல்லாம் களஞ்சியத்திலிருந்தே போட்டேன். செட் வரிகளையும், நன்னூல் விதியையும், அவருடைய வார்த்தைப் பட்டியலையும் பழையதிலிருந்து எடுத்து வைத்து, அகராதியை மட்டும் ஒருமுறை கட்டினேன். அதே குரல்தான் வந்தது.

"குண்டாறுன்னு சொல்லச் சொல்லு" என்றார்.

சொன்னது.

"சரி. விட்ட எடத்துலருந்து போடு. அவ கடிதத்தப் பிரிச்சுட்டா, இன்னும் படிக்கல."